பின்பக்கம்

"பின்பக்கத்தை ஏன்டி விட்டுட்ட?"

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வீட்டில், இன்று காலை அம்மா என் மகளைக் கேட்டது.

அவள் பல்கலைக்கழக நூலகத்தில் பயிற்சியில் இருக்கிறாள். பழைய படங்களை ஸ்கேன் செய்யும் வேலை. வீட்டுப் படம் ஒன்றையும் 600 டிபிஐ நுணுக்கத்தில் எடுத்தாள்: பிரட்டுக்களத்தில், காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் திடலில், வரிசையாகப் பெண்கள். பாதுகாக்க டிஃப் கோப்பு, பார்க்க ஜேபெக் கோப்பு. சரி. விவரக் கட்டத்தில் 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று தட்டினாள்.

அம்மா படத்தைத் திருப்பினார். அப்பாவின் பென்சில் எழுத்து, பாதி அழிந்த பெயர்கள். மீதியை முகம் முகமாக விரல் வைத்துச் சொன்னார்.

பெயர் ஏறாத படத்தைப் பெயர் போட்டு யார் தேடி எடுப்பது? எத்தனை பேத்திகள் தேடுகிறார்களோ!

கடைசி முகத்தில் விரல் நின்றுவிட்டது.

"இவ பேரு... இரு, சாயங்காலம் ஞாபகம் வரும்."

மகள் இன்னும் கோப்பை மூடவில்லை.