எறும்பு எங்கே தூங்கும்?

ஏழு ஆண்டுகள் இயந்திரப் பொறியாளராக வேலை பார்த்த பிறகு, முப்பது வயதில், வடிவமைப்பு முதுகலைக்கான ‘சீட்’ (CEED) நுழைவுத் தேர்வை எழுதினேன். மும்பை ஐஐடி நடத்தும் இந்தத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். வேலையில் இருந்துகொண்டே தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மொத்தம் 3 மணி நேரம். கணினியில் எழுதும் முதல் பகுதி பயிற்சியால் கைவந்துவிடும். தாளில் வரைந்து விடையளிக்கும் இரண்டாம் பகுதியில்தான் முதல் முறை தோற்றேன். மனத்தில் எழுந்த ஒவ்வொன்றையும் ‘இது நடக்காது, இதற்குச் செலவாகும்’ என்று பென்சில் தாளைத் தொடும் முன்பே வெட்டிவிட்டேன். பாதித் தாள் வெறுமையாகவே போனது.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது, அக்காவின் ஆறு வயது மகள் காலித் தீப்பெட்டி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸாக ஓடிய பெட்டியின் உள்தட்டு கழன்று வந்ததும், “மாமா, எறும்பு எங்கே தூங்கும்?” என்று கேட்டாள். உடனே அது கட்டிலானது. அவள் யோசித்துவிட்டுச் செய்யவில்லை. கை முன்னே போனது, கதை பின்னே வந்தது. நுங்கு வண்டி உருட்டியபோதும் பூவரச இலையில் பீப்பி சுருட்டியபோதும் நானும் அப்படித்தான் இருந்தேன். கற்பனை எங்கும் போய்விடவில்லை. என் கையில்தான் பொருள் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் இரவு அரை மணி நேரம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். துணிக் கிளிப், கிழிந்த குடை, தேங்காய்ச் சிரட்டை. அதைத் திருப்பி, கவிழ்த்து, பிரித்து, 20 சிறிய படங்கள் வரைய வேண்டும். முடியும்வரை எதையும் கோடு போட்டு அடிக்கக் கூடாது. முதல் ஏழெட்டு எல்லாருக்கும் தோன்றுபவை. பன்னிரண்டில் கை நின்றுவிடும். அங்கே எழுந்து போய்விடாதீர்கள், அதற்குப் பிறகுதான் நல்லவை வரும். சிரட்டையை ஒரு நாள் தவளைக்குக் குடையாக வரைந்தேன். தவளை இருந்த இடத்தில் அடுத்து ஒரு நாற்று வந்தது. பிறகு சிரட்டையை நிமிர்த்தி, அதன் கண் வழியே நாற்றுக்குத் தண்ணீர் சொட்டவிட்டேன். தவளையை முதலிலேயே அடித்திருந்தால் அந்தச் சொட்டுநீர்க் கலம் பிறந்திருக்காது.

கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்த்தால் மலைகளும் ஆறுகளும் போர்க்களங்களும் தெரியும் என்று ஓவியர்களுக்கு லியோனார்டோ டா வின்சி எழுதி வைத்திருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் எனக்கு அந்தப் பயிற்சிதான்.

செலவு, எடை, யார் பயன்படுத்துவார் என்ற கேள்விகளும் தேவைதான். அவற்றை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தேன். இரண்டாம் முறை தாள் நிரம்பியது, இடமும் கிடைத்தது.

பழைய மாதிரி விடைகளை மனப்பாடம் செய்து என் முதல் ஆண்டு வீணானது; உங்களுக்கு அது வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் வாரம் ஒரு மாலை அதனுடன் தரையில் உட்காருங்கள். எறும்புக்கு மெத்தை வேண்டும் என்று கேட்டால், பஞ்சு தேடி எடுத்துக் கொடுங்கள்.