பழைய நிரலுக்குத் தனிச் சூழல்: பதிப்பெண்ணுக்கு முன் தேதி

புதிதாகத் தொடங்கும் ஒரு பைத்தான் புராஜெக்ட்டுக்குத் தனிச் சூழல் (அதற்கு வேண்டிய தொகுப்புகளை மட்டும் பிரித்து வைக்கும் இடம்) அமைப்பது இன்று கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. 2012இல் வெளிவந்த 3.3ஆம் பதிப்பு முதலே அதற்கான வென்வ் கருவி மொழியுடன் சேர்ந்து கிடைக்கிறது. யூவி போன்ற கருவிகள் வந்த பிறகு சூழலை உருவாக்குவது, தொகுப்புகளை இறக்குவது, எல்லாத் தொகுப்புகளின் துல்லியமான பதிப்புகளையும் பதிந்துவைக்கும் லாக் கோப்பு எழுதுவது ஆகிய மூன்றும் ஒரே கட்டளைக்குள் அடங்கிவிட்டன. ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்டு, சில ஆண்டுகள் ஓடி, எழுதியவரும் வேறு வேலைக்குப் போய்விட்ட நிரலை இந்தத் தானியங்கி முறைக்குள் கொண்டுவருவது வேறு வகை வேலை. சூழலுக்குள் எந்தத் தொகுப்பை எந்தப் பதிப்பில் வைப்பது என்பதே அங்கு முதன்மையான சிக்கல். அதற்கு விடை தேடும்போது தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில் உள்ள தேதிகளைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் விளங்கும். அந்தக் கோப்பில் வலைச்செயலி எழுத உதவும் தொகுப்பான ஃபிளாஸ்க் 1.1.2 என்ற ஒரே ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் வெளிவந்த பதிப்பு அது. பதிப்பெண் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருப்பதால் கவலையில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். இன்று அதைப் புதுச் சூழலில் நிறுவினால், நிறுவும்போது எந்தப் பிழையும் வராது. ஆனால் நிரலை ஓட்டிய மாத்திரத்தில், ஃபிளாஸ்க் சார்ந்திருக்கும் ஜின்ஜா என்ற தொகுப்பிலிருந்து ‘எஸ்கேப்’ என்பதை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். ஃபிளாஸ்க் 1.1.2 தனக்கு ஜின்ஜா 2.10.1 அல்லது அதற்கு மேற்பட்ட ஏதாவது ஒரு பதிப்பு போதும் என்று அறிவித்திருக்கிறதே தவிர, மேல்வரம்பு எதையும் குறிக்கவில்லை. ஆகவே தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் இருப்பதிலேயே புதிய ஜின்ஜாவைக் கொண்டுவருகிறது. அந்த ‘எஸ்கேப்’போ 2022 மார்ச்சில் வந்த 3.1ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஜின்ஜாவைப் பழைய பதிப்பில் நிறுத்தினால் அடுத்து மார்க்அப்சேஃப், அதையும் நிறுத்தினால் இட்ஸ்டேஞ்சரஸ் என்று பிழைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பிழைச்செய்தியைத் தேடுபொறியில் போட்டு, கிடைக்கிற பதிப்பெண்களை ஒட்டிக்கொண்டே போனால் நிரல் கடைசியில் ஓடத்தான் செய்யும். ஆனால் அப்படி அமைந்த கலவை அந்த நிரல் நன்றாக ஓடிய காலத்தில் எந்தக் கணினியிலும் இருந்திருக்காது என்பதால் அதை நான் நம்புவதில்லை.

அதற்குப் பதிலாக, நிரல் ஒழுங்காக ஓடியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கடைசி கமிட்டை (கிட்டில் பதிவான மாற்றத்தை) கண்டுபிடித்து, அந்த நாள்வரை பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றப்பட்டிருந்தவற்றை மட்டும் கணக்கில் எடுக்கும்படி கருவியிடம் சொல்லிவிட்டால், மேற்சொன்ன சங்கிலி முழுவதும் ஒரே வீச்சில் அந்தக் காலத்துக்குத் திரும்பிவிடும். யூவியில் எக்ஸ்க்ளூட்-நியூவர் என்ற விருப்பம் இதற்காகவே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்குத் தொகுப்புக் கருவியான என்பிஎம்மின் பிஃபோர் அமைப்பு அதே வேலையைச் செய்கிறது. நிறுவனத்துக்குள் வைத்திருக்கும் களஞ்சியம் பதிவேற்ற நேரத்தைத் தெரிவிக்காவிட்டால், யூவி அதிலுள்ள கோப்புகளை இல்லாதவையாகவே கருதும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பைத்தான் பதிப்பையும் அதே தேதியை ஒட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்: 2023 அக்டோபரில் வந்த 3.12இல், தொகுப்புகளை உருவாக்கி நிறுவப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டதால் பழைய தொகுப்புகள் பல அதில் தடுமாறும். நம்பை போன்றவற்றின் பழைய பதிப்புகளுக்குப் புதிய பைத்தானுக்கு முன்கூட்டியே கம்பைல் செய்த வீல் கோப்பு கிடைக்காது என்பதால், பிப் மூலநிரலைக் கம்பைல் செய்ய முயன்று பிழைகளைப் பக்கம் பக்கமாகக் கொட்டும்.

ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பே இல்லையென்றால் பைப்ரெக்ஸ் போன்ற கருவிகள் இம்போர்ட் வரிகளைப் படித்துப் பட்டியல் தயாரித்துத் தரும். பட்டியல் பயனுள்ளதுதான், ஆனால் அரைகுறையானது. நிரலில் சிவி2 என்று இருப்பது பைபிஐயில் ஓபன்சிவி-பைத்தான். பிஐஎல் என்று இருப்பது பில்லோ. பரவலாகத் தெரிந்த இத்தகைய பெயர்களைக் கருவி சமாளித்துவிடும். ஆனால் தரவுத்தளத் தொகுப்பான எஸ்க்யூஎல்ஆல்கெமி, தரவுத்தள முகவரியைப் பார்த்து ஓடும்போது தானே ஏற்றிக்கொள்ளும் சைக்கோபிஜி2 போன்ற டிரைவரை எந்த இம்போர்ட் வரியிலும் காண முடியாது. நிரல் இன்னும் ஏதாவது ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தால், நிறுவப்பட்டவற்றைப் பதிப்போடு பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் கட்டளையை அங்கே ஓட்டி எடுத்த வெளியீட்டைவிட நல்ல சான்று வேறில்லை. அதில் நேரடித் தேவைகளும் அவற்றின் பின்னால் வந்தவையும் கலந்தே இருக்கும். நேரடித் தேவைகளை மட்டும் புராஜெக்ட்டின் அமைப்புகளைக் கொண்ட பைபுராஜெக்ட் கோப்பில் எழுதிவிட்டு, மற்றவற்றை லாக் கோப்பின் பொறுப்பில் விட்டுவிடலாம்.

லாக் செய்வதையும் பதிப்புகளை உயர்த்துவதையும் ஒரே கமிட்டில் செய்யக்கூடாது என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். முதல் கமிட்டில் பழைய நிலை அப்படியே லாக் ஆக வேண்டும், டெஸ்ட்டுகள் ஓட வேண்டும். டெஸ்ட்டே இல்லாத நிரலானால் முக்கியமான பக்கங்களாவது திறக்கின்றனவா என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் சரிபார்க்க வேண்டும். பழைய தேதிக்குப் போவது பழைய பாதுகாப்பு ஓட்டைகளையும் உடன் அழைத்து வருவதால், அந்த நிலையிலேயே பொது இணையத்தில் நிரலை ஏற்றிவிடாமல், அதன்பின் தொகுப்புகளை ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். எதை உயர்த்தியபோது எது உடைந்தது என்பது அப்போதுதான் வரலாற்றில் தெளிவாகத் தெரியும்.

அன்றாட ஏற்பாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோப்புறைக்குள் நுழைந்ததும் சூழலை இயக்க டைர்என்வ் என்ற கருவி உதவும். மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ அமைப்பில் யூவி சிங்க் கட்டளையை லாக்டு என்ற விருப்பத்துடனும், ஜாவாஸ்கிரிப்டானால் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ கட்டளையையும் ஓட்டினால், லாக் கோப்பு காலாவதியாகியிருக்கும்போது அவை சத்தமில்லாமல் அதைத் திருத்திவிடாமல் பிழை காட்டி நிற்கும்.

லாக் கோப்புக்கு எட்டாத இடம் இயங்குதளத்தின் நூலகங்கள். சைக்கோபிஜி2வை மூலநிரலிலிருந்து நிறுவ வேண்டுமானால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் லிப்பிக்யூ நூலகத்தின் ஹெடர் கோப்புகள் கணினியில் இருக்க வேண்டும்; இந்தத் தேவை பைத்தானின் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது. அந்த அடுக்கை, இயங்குதளச் சூழலையே வரிசையாக விவரிக்கும் டாக்கர் கோப்பில் எழுதிவைப்பதே போதுமானது. அதன் அடிப்படை இமேஜும் டெபியன் லினக்ஸாக இருந்தால், டெபியன் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் அதே தேதியைக் கொடுத்து, அன்றைய நிலையிலேயே அந்த நூலகங்களையும் எடுத்துக்கொள்ளலாம்.