கே-டெட் தமிழ்வழி: 'தண்டனை'யில் நான் மார்க் விட்ட இடம்

முதல் தடவை கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதியபோது, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பகுதியின் 30 கேள்விகளில் என்னைக் கவிழ்த்தது 'எதிர்மறை வலுவூட்டல்'. எதிர்மறை என்று பார்த்ததுமே விடைத்தாளில் தண்டனை என்று கறுத்துவிட்டேன். பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கிடைக்கும் நோட்ஸ் பாதி மலையாளத்தில்தான் இருக்கும். அதில் 'சிக்ஷ' என்றால் தண்டனை. பள்ளிக்கூடச் சுவரிலோ 'சமக்ர சிக்ஷா' என்று போர்டு, அங்கே அது கல்வி! சொல்லை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

மறுபடி படிக்கும்போது பழக்கத்தை மாற்றினேன். முதலில் நடத்தை கூடியதா, குறைந்ததா என்று பார்ப்பேன். கூடியிருந்தால் வலுவூட்டல், குறைந்திருந்தால்தான் தண்டனை. அதன் பிறகே கொடுத்தார்களா, எடுத்தார்களா என்று பார்ப்பது. கொடுத்துக் குறைத்தால் நேர்மறைத் தண்டனை, எடுத்துக் குறைத்தால் எதிர்மறைத் தண்டனை. நல்லது கெட்டது என்ற பொருளே இதில் இல்லை, கூட்டல் கழித்தல் குறி மாதிரிதான். கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வில் தப்பு விடைக்கு மூன்றில் ஒரு மார்க் பிடிக்கிறார்கள், அதற்குப் பயந்து குருட்டாம்போக்கில் கறுப்பதைக் குறைக்கிறோம். அது எதிர்மறைத் தண்டனை. (கே-டெட்டில் மைனஸ் மார்க் கிடையாது. ஒன்றையும் விடாதீர்கள்.)

சிக்க வைக்கும் கேள்வி இப்படி வரும்: கணக்கு வகுப்பில் பேசும் பையனை ஆசிரியர் வெளியே நிறுத்துகிறார், மறுநாள் அவன் இன்னும் அதிகமாகப் பேசுகிறான். ஆசிரியர் மனசில் அது தண்டனை. ஆனால் பேச்சு கூடிவிட்டதே! கணக்கிலிருந்து தப்பித்தான், அதாவது பிடிக்காததை எடுத்ததால் நடத்தை கூடியது, ஆகவே எதிர்மறை வலுவூட்டல்.

தண்டனை ஏன் நிலைக்காது என்பதை எனக்குப் புரியவைத்தது எங்கள் வீட்டு ஆடு. அப்பாரு குச்சியோடு வரப்பில் நின்றால் கடலைக்காட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாது. அவர் டீ குடிக்கப் போன அடுத்த நிமிஷம் உள்ளே இறங்கிவிடும். கடலைக்கொடி மேல் ஆசை போகவில்லை, ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் பழகியிருக்கிறது. 1938இல் உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளை வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். நெம்புகோலை அழுத்தினாலும் இனி உணவு வராது என்ற நிலையில், ஒரு குழுவுக்கு மட்டும் ஆரம்பத்தில் பாதத்தில் அடி விழுந்தது. உடனே அழுத்துவது குறைந்தது. அடி நின்றதும் மெல்ல ஏறி, கடைசியில் மொத்த எண்ணிக்கை அடிபடாத எலிகளின் அளவுக்கே வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1932 வாக்கில், இன்னொரு உளவியலாளரான தார்ண்டைக்கும் தம் விளைவு விதியின் (நல்ல விளைவு தரும் செயல் வலுப்படும், கெட்ட விளைவு தருவது தளரும் என்பது) தண்டனைப் பாதியைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

அதற்காகத் தண்டனை பலிக்கவே பலிக்காது என்று எழுதிவிடாதீர்கள். 1966இல் அஸ்ரின், ஹோல்ஸ் என்ற உளவியலாளர்கள் தண்டனை எப்போது பலிக்கும் என்று தொகுத்துச் சொன்னவற்றில் இவை கேள்வியாக வரலாம்: செயல் நடந்த உடனே வரவேண்டும், ஒவ்வொரு முறையும் வரவேண்டும், சிறிதாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போகக்கூடாது. இதைவிட முக்கியம், அதே பலன் கிடைக்க வேறு வழி இருக்கவேண்டும். அப்பாரு அதைப் படித்தவரில்லை. தொழுவத்தில் அகத்திக்கீரைக் கட்டைத் தொங்கவிட்ட பிறகுதான் கடலை தப்பியது.

சட்டத்திலிருந்தும் கேட்கலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் இரண்டையும் தடை செய்கிறது. விடைகளில் 'லேசாக அடிக்கலாம்' என்று ஒன்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.