"யாராவது" என்று கேட்டால் சீட்டு வராது

"யாருக்காவது சிசிடிவி வேணும்னா என் நம்பரைக் குடுங்க." மதுரையில் தொழில்காரர்கள் வாரம் ஒருமுறை கூடி, தெரிந்த வாடிக்கையாளரைச் சீட்டில் எழுதி ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் கூட்டத்தில் இப்படிக் கேட்பவர் வருடம் முழுக்க வந்தாலும் வெறுங்கையோடுதான் போவார். எதிரே உட்கார்ந்திருக்கும் 40 பேருக்கும் 'யாராவது' என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வராது. அவரே இப்படிக் கேட்கட்டும்: "விளாங்குடி, கூடல்நகர் பக்கம் வீடு கட்டிக்கிட்டிருக்கிறவங்க, சுவர் எழும்பி இன்னும் பூச்சு ஆரம்பிக்காதவங்க இருந்தா அறிமுகம் பண்ணி விடுங்கண்ணே. பூசுறதுக்கு முன்னாடி கூப்பிட்டா பைப்பைச் சுவருக்குள்ளயே பதிச்சிரலாம். பூசி முடிச்சிட்டா வயர் வெளியிலதான் ஓடும்." உடனே எலக்ட்ரிகல் கான்ட்ராக்டருக்கு ஒரு சைட் ஞாபகம் வரும். டைல்ஸ் கடைக்காரருக்குப் போன வாரம் அளவு கொடுத்துவிட்டுப் போன ஒருவர் ஞாபகம் வருவார். எந்த ஏரியா, ஆள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார், ஏன் இந்த வாரமே பேச வேண்டும் என்ற மூன்றும் அந்தக் கோரிக்கையில் இருக்கின்றன.

ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர் "ஜிஎஸ்டி வேலை எல்லாம் செய்வேன்" என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு வருட விற்றுமுதல் 40 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். அந்த வரம்பை நெருங்குகிறவர்தான் அவர் தேடும் ஆள். "வருஷம் 15 லட்சம் தாண்டிட்ட, இன்னும் பதிவு பண்ணாத ஜிம், டியூஷன் சென்டர்" என்று கேட்டால் கேட்பவருக்கு ஆள் தெரிந்துவிடும்.

பருவத்துக்கு முன்னால் கேட்பதும் முக்கியம். ஐப்பசியில் அடைமழை கொட்டும்போது மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் செய்பவர் எழுந்து ஆள் கேட்டால், வேலை வந்தாலும் செய்ய முடியாது. தளம் காய்ந்திருந்தால்தான் பூச்சு பிடிக்கும். அவர் பங்குனி, சித்திரையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் தை முகூர்த்தத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் கேட்க வேண்டும். ஆடியும் மார்கழியும் கல்யாணத் தொழில்காரர்களுக்கு ஓய்வு மாதங்கள். மற்ற உறுப்பினர்களின் கடைக்கு நேரில் போய் அவர்கள் தொழிலைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இந்தக் குழுக்களில் ஒரு தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள். இந்த ஏற்பாடு புதிதல்ல. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கியபோது முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் நால்வர்: வக்கீல், நிலக்கரி வியாபாரி, சுரங்கப் பொறியாளர், தையல்காரர். ஒருவர் அலுவலகம் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூட்டம் சுற்றி வந்ததால்தான் அந்தப் பெயர். 1985-ல் கலிஃபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ என்ற அமைப்பு, தொழில் பரிந்துரையையே கூட்டத்தின் முழு வேலையாக்கியது. இன்று நம் ஊரில் எந்தப் பெயரில் நடக்கும் குழுவும் ஏறக்குறைய இந்த அச்சில் வார்த்ததுதான்.

ஆனால் ஒரு தொழில் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சண்டை வரும். மாடுலர் கிச்சன் யாருக்கு? இன்டீரியர் செய்பவருக்கா, அலுமினிய ஃபேப்ரிகேஷன் செய்பவருக்கா, சிவில் இன்ஜினியருக்கா? இன்வெர்ட்டர் சோலார்காரருக்கா, எலக்ட்ரிகல்காரருக்கா? சேரும் அன்றே விண்ணப்பத்தில் என்ன செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று இரண்டு வரி எழுதி, ஏற்கெனவே இருப்பவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பஞ்சாயத்து பேசுவதைவிட இது எளிது.

இனி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கி 8.30-க்கு முடிப்பது நம் ஊருக்குச் சரியாக வரும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர் ஷிஃப்டுக்குப் போய்விடலாம், மாசி வீதிக் கடைக்காரர் ஷட்டர் தூக்குவதற்குள் போய்விடலாம். 90 நிமிடத்தில் 40 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் 40 நிமிடம். ஒருவர் உட்கார்ந்து அடுத்தவர் எழ 5 விநாடி என்றாலே மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஒருவரின் விரிவான அறிமுகத்துக்கு 10 நிமிடம், சீட்டு கொடுக்கும் சுற்றுக்கு ஆளுக்கு 20 விநாடி வீதம் 14 நிமிடம், விருந்தினர்களுக்கு ஐந்து நிமிடம், வரவேற்பும் அறிவிப்பும் பத்து நிமிடம். கையில் மிச்சம் எட்டு நிமிடம்கூட இல்லை. ஆளுக்குப் பத்தே விநாடி இழுத்தால் 400 விநாடி, அதாவது அந்த மிச்சத்தில் ஏறக்குறைய ஏழு நிமிடம் காலி. அதனால் மணி அடிப்பவர் பாரபட்சம் பார்க்கக் கூடாது. தலைவருக்கும் அதே மணிதான். 50-வது விநாடியில் மஞ்சள் அட்டை, 60-ல் மணி. உறுப்பினர் எண்ணிக்கை 50-ஐத் தாண்டிவிட்டால் ஆளுக்கான நேரத்தை 45 விநாடியாகக் குறையுங்கள், கூட்டத்தை நீட்டாதீர்கள். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் தமிழில் 90 முதல் 100 சொற்கள் வரும். எழுதி எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். பெயரும் நிறுவனமும் 10 விநாடி, கோரிக்கை 40 விநாடி, மறுபடி பெயர். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கம்பெனியின் 20 வருடப் பெருமையைச் சொல்லும்போதே மணி அடித்துவிடும்.

டிபனை முன்னால் போடாதீர்கள். பொங்கலும் வடையும் உள்ளே போனபின் இருபதாவது ஆள் பேசும்போது பாதிப் பேர் கண்ணைச் செருகுவார்கள். 6.45-க்குக் காபியும் பிஸ்கட்டும் போதும், 8.30-க்கு டிபன். தட்டோடு நின்று பேசும் அந்த இருபது நிமிடத்தில்தான் உண்மையான அறிமுகம் நடக்கும். 40 பேருக்கு ஆளுக்கு மூன்று இட்லி, ஒரு வடை, பொங்கலுக்கு ஒன்றரைக் கிலோ அரிசியும் அரைக் கிலோ பாசிப்பருப்பும் போதும். காபி இரண்டு சுற்று, தலைக்கு 100 மில்லி என்று 8 லிட்டர். முந்தின நாள் மாலைக்குள் தலைக்கணக்கை மாஸ்டருக்குச் சொல்லிவிடுங்கள். விருந்தினருக்கென்று ஐந்து தட்டு கூடுதலாகச் சொல்வது நல்லது. விருந்தினர் தட்டை ஏந்தி நிற்கும்போது சட்டியில் பொங்கல் இல்லை என்றால் அவர் மறு வாரம் வரமாட்டார்.

கிழமையைப் பார்த்து வையுங்கள். செவ்வாயும் சனியும் பெரும்பாலும் முகூர்த்தம் இல்லாத நாட்கள் என்பதால் ஹால் தடையில்லாமல் கிடைக்கும். ஆனால் செவ்வாய், வெள்ளியில் கையிலிருந்து காசு கொடுக்கப் பலர் தயங்குவார்கள். செவ்வாய்க் கூட்டம் என்றால் டிபன் பணத்தை மாதத்துக்கு மொத்தமாக, வேறொரு நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் தல்லாகுளம், கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கம் ஹாலே வேண்டாம். அந்த ஒரு வாரம் ஜூமில் வைப்பது புத்திசாலித்தனம்.

சீட்டுக்கு வருவோம். மொய் எழுதுகிற ஊர் நம்முடையது. வாங்கியவருக்கே திருப்பிச் செய்யாவிட்டால் மனசு கேட்காது. கூட்டத்தில் இந்தப் பழக்கம் இடிக்கும். கேட்டரிங்காரர் தனக்கு வேலை பிடித்துக் கொடுத்த சிஎன்சி இயந்திரப் பட்டறைக்காரருக்கு எங்கிருந்து ஆர்டர் கொண்டுவருவார்? கணக்கைச் சமன் செய்ய ஏதோ ஒரு நம்பரைக் கிறுக்கிக் கொடுப்பார். பொய்ச் சீட்டு உருவாவது இப்படித்தான். வாங்கியவருக்கே திருப்பித் தர வேண்டியதில்லை, 40 பேரில் யாருக்குக் கொடுத்தாலும் கணக்கு நேர்தான் என்பதைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

சீட்டில் பெயரும் நம்பரும் மட்டும் இருந்தால் அது வெறும் தகவல். என்ன தேவை, எப்போதைக்கு, சீட்டை வாங்குபவர் கூப்பிடுவார் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாயிற்றா என்ற மூன்றும் இருந்தால்தான் அது பரிந்துரை. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் சீட்டைக் கொடுக்காமல் வைத்திருந்து முதலில் அவரிடம் பேசுங்கள். "என் நம்பரை யார் குடுத்தா?" என்று கேட்டபின் அங்கே வேலை எடுப்பது கஷ்டம், கொடுத்தவர் பெயரும் சேர்ந்து கெடும். மூவரையும் சேர்த்து ஒரு வாட்ஸாப் செய்தி போடுவது இன்னும் நல்லது: "அண்ணே வணக்கம். ஞாயித்துக்கிழமை மாடி ஒழுகுதுன்னு சொன்னீங்கள்ல, அதுக்கு இவரு சரியான ஆளு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மேல உங்களைக் கூப்பிடுவாரு. வந்து பாக்குறதுக்குக் காசு கிடையாது."

வாங்கியவர் 24 மணி நேரத்துக்குள் கூப்பிட்டு, என்ன ஆயிற்று என்பதைக் கொடுத்தவருக்கும் சொல்லிவிட வேண்டும். வேலை அமையாவிட்டாலும் சொல்ல வேண்டும். தகவலே வராதவருக்கு அடுத்த சீட்டு எழுதக் கை வராது. சீட்டால் வந்த வேலைக்குக் கூட்டத்தில் நன்றி சொல்லும்போது கொட்டேஷன் தொகையைப் படிக்காதீர்கள். வங்கியில் பணம் ஏறியபின் அந்தத் தொகையைச் சொல்லுங்கள். சீட்டின் அடிக்கட்டையைச் செயலாளர் வைத்திருந்து, எட்டாவது வாரத்தில் 'பேசியாச்சு', 'முடிஞ்சது', 'அமையல' என்று ஒவ்வொன்றின் மேலும் குறித்துக்கொண்டு வந்தால், எதுவும் குறிக்கப்படாத அடிக்கட்டைகள் யார் பெயரில் சேர்ந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். டிபன் நேரத்தில் அவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள்.