கக்கின பிள்ளையும் என் சாப்பாட்டுத் தட்டும்

முதலில் என் தட்டிலிருந்து போனது சாளை மீன். அடுத்து மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு. பிறகு சக்கைப்பழம், மாங்காய் போட்ட குழம்பு, பருப்பு, உருளைக்கிழங்கு. மகன் தாய்ப்பால் குடித்துவிட்டுக் கக்கும்போதெல்லாம், முந்தின நாள் நான் என்ன தின்றேன் என்று வீட்டில் விசாரணை நடக்கும். குமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கம் மீனும் கிழங்கும் இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் சீரகக் கஞ்சியும் சுட்ட அப்பளமுமாக இருந்தேன். பிள்ளை அப்போதும் கக்கினான்.

இன்னொரு பக்கம், பால் ஊறுவதற்கென்று வேறொரு சமையல் நடந்தது. பால்சுறாப் புட்டு, நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, பூண்டு லேகியம். கொடுத்து முடித்ததும் பிள்ளை அழுகிறானே, பால் போதவில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. மாமி வந்து பார்த்துவிட்டு, பால் போதும், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இருவரும் ஒத்துப்போனது சாளையை நிறுத்தியதில் மட்டும்தான்.

பாட்டி ஒருத்திதான் கவலைப்படவில்லை. “கக்கின பிள்ளை தக்கும் மக்களே” என்று, அதாவது கக்குகிற பிள்ளை நன்றாகத் தேறிவிடும் என்று, சொல்லிவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விடுவாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அது ஆனி மாதம், வெளியே விடாத மழை, கொடியில் துவர்த்து (துண்டு) காயவில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் போட்டுக் காயவைக்கலாம் என்று அண்ணன் ஒரு யோசனை சொன்னான். ஒரே ஒரு துவர்த்தைப் போட்டுப் பார்த்தோம். அந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது.

வயிற்றுக் கோளாறும் கூடவே இருந்தது. பச்சையாக, நுரை நுரையாக மலம் போவான். காற்று பிரியாமல் காலை உதைத்து முறுக்குவான். பால் சுரந்து வரும் முதல் நிமிடத்தில் மடக் மடக்கென்று விழுங்கி, புரையேறி, வாயை எடுத்துவிட்டு அலறுவான். அப்போது பால் அவன் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இதையெல்லாம் நாங்கள் தினமும் பார்த்தோம். பால் அதிகமாக இருக்குமோ என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பால் குறைவு என்ற பயம் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் வேறெதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது.

அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனோம். சாலைக் குழிகளின் தயவில் என் சேலையும் பக்கத்து இருக்கைக்காரரின் சட்டையும் நனைந்தன. குழந்தை மருத்துவர் முதலில் எடை பார்த்தார். முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும் என்றார். என் மகன் அதைவிட அதிகமாக ஏறியிருந்தான். பிறகு ஒரு கரண்டித் தண்ணீரைத் துணியில் ஊற்றிக் காட்டினார். துணி முக்கால்வாசி நனைந்துவிட்டது. “குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது என்கிறீர்களே, இவ்வளவுதான் வருகிறது” என்றார்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. பெரியவர்களுக்கு அது இறுக மூடிக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கு இன்னும் பக்குவப்பட்டிருக்காது, அடிக்கடி தளரும். உணவோ வெறும் திரவம், பிள்ளையோ நாள் முழுவதும் படுத்தே இருக்கிறது. அதனால் எதுக்களிக்கிறது. நான்காவது மாதத்தையொட்டி மிகுந்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடுமாம். எங்களுக்குக் கூடுதலாக இருந்தது பாலின் வேகம். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அதில் வாய் வைத்தால் யாருக்கும் புரையேறத்தான் செய்யும். காற்றையும் சேர்த்து விழுங்குகிறான். பாலில் உள்ள சர்க்கரை ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிப் போவதால் நுரைத்த மலமும் வாயுவும்.

மாற்றச் சொன்னது என் சாப்பாட்டை அல்ல, நான் உட்காரும் விதத்தை. நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு, பிள்ளையை என் மேல் கவிழ்த்தாற்போல் போட்டுக் கொடுத்தேன். பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் தணிகிறது. முதல் பாய்ச்சலைத் துணியில் விட்டுவிட்டுப் பிறகு வாயில் வைப்பேன். ஒரு பக்கத்தை முழுவதும் குடித்து முடிக்கட்டும், பாதியில் மறுபக்கம் மாற்ற வேண்டாம் என்றார்கள். இதை எடை பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பால் குறைவாக இருப்பவர்கள் தாங்களாகச் செய்தால் இன்னும் குறைந்துவிடும். இடையிலும் முடிவிலும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருப்பேன். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்க, சமமான படுக்கையில், தலையணை இல்லாமல்.

பால்சுறாவை நிறுத்தச் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு முறை மலத்தில் சளி தெரிந்தது. பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகச் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமல் போகும் என்பதால், நான் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்து நாளைக் கழித்தேன். மாற்றம் இல்லை. திரும்பப் பால் குடித்தபோதும் அவன் வயிற்றில் மாற்றம் இல்லை. ஆக, பசும்பாலுக்கு விடுதலை. சாளைக்கும் மரச்சீனிக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

உரைமருந்து, வசம்பு, தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம் என்றார் மருத்துவர். தேன் ஒரு வயதுவரை ஆபத்தே. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடியைக் காய்ச்சிக் கட்டியாகக் கொடுத்தால் கக்கமாட்டான் என்றாள் பக்கத்து வீட்டு மைனி. ஆறு மாதம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு சில நாள் அவன் மலமே போகாதபோது, வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டுக்கொண்டு பாட்டி வந்துவிட்டாள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, ஒன்றரை மாதம் கடந்த பிறகு நாள்கணக்கில் போகாமல் இருப்பதுண்டு. போகும்போது இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. மாவுப்பால் டின் வாங்கப் போன வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். தாய்ப்பாலே சிறந்தது என்று டின்னிலேயே அச்சடித்திருக்கிறது, பிறகு எதற்கு விற்கிறார்கள் என்று கேட்டார். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அறிவிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது என்பது எனக்கும் அப்புறம்தான் தெரிந்தது.

பாட்டியின் சொல்லை நம்பி எல்லாக் கக்கலையும் விட்டுவிட முடியாது. பச்சை நிறத்தில் வாந்தி, ஒவ்வொரு முறையும் தூரப் பாய்கிற வாந்தி, இரத்தம், உப்பிய வயிறு, எடை ஏறாமை, ஒரு நாளைக்கு ஆறு தடவைகூடச் சிறுநீர் போகாமை, இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் மட்டி வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தோம். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதானே முதல் பழம். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவன் அதையும் கொஞ்சம் கக்கத்தான் செய்தான். பால் கறை துவைத்தால் போய்விடும், வாழைப்பழக் கறை போவதில்லை.