கெடிலக் கரையில் டவுன் பஸ்ஸில்

கெடிலம் பெரிய ஆறு ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் தொடங்கி கடலூரில் கடலில் கலக்கிறது. கோடையில் போனால் மணலும் கோரையும்தான் கண்ணில் படும். ஆனால் திருவதிகை, திருமாணிக்குழி, திருவந்திபுரம், திருப்பாதிரிப்புலியூர் நான்கும் இதன் கரையில்தான் இருக்கின்றன. காரில் வருகிறவர்கள் நான்கையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு மத்தியானம் பிச்சாவரத்தில் படகு ஏறிவிடுகிறார்கள். எனக்குக் கார் கிடையாது. வயது அறுபத்தெட்டு, முழங்கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. "டாக்ஸி போட்டுத் தர்றேன், தனியா போகாதேம்மா" என்றான் மகன். பஸ்ஸிலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தேவாரம் பாடிய அப்பர் சுவாமிகள் தள்ளாத வயதிலும் நடந்தே ஊர் ஊராகப் போனவர். அவர் ஊருக்குப் போக ஏசி கார் எதற்கு?

விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி பண்ருட்டியில் இறங்கினேன். ரயிலில் மூத்தோர் சலுகை 2020 மார்ச்சிலேயே போய்விட்டது. பாசஞ்சர் டிக்கெட்டில் அது பெரிய வித்தியாசம் இல்லை, சரி. ஸ்டேஷனிலிருந்து திருவதிகைக்கு ஷேர் ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். பலாப்பழ சீசன், வழியெல்லாம் வாசனை.

வீரட்டானேசுவரர் கோயிலில் நான் அவசரப்படவே இல்லை. சிவன் முப்புரம் எரித்த தலம், சிவனின் வீரச் செயல்களுக்கான எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்று. கருவறையில் பதினாறு பட்டை போட்ட பெரிய லிங்கம், எண்ணெய் விளக்கில் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிய வரும்வரை நின்றேன். பின்னால் யாரும் தள்ளவில்லை. சூலை என்னும் கடும் வயிற்று நோயோடு வந்த அப்பர், "கூற்றாயினவாறு" என்று தொடங்கி முதல் பதிகம் பாடியது இங்கேதான். அந்தப் பதிகத்திலேயே "அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே" என்று ஆறும் வந்துவிடுகிறது.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அவர் அக்காள் திலகவதியார் சன்னிதி. நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்தார், தாய் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியும் சமணப் பள்ளிக்குப் போய் தருமசேனர் ஆகிவிட்டார். அந்த அம்மாள் இந்த ஊரில் தனியாக மடத்தில் இருந்துகொண்டு, விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூக்கட்டிச் சாத்தி நாளைக் கழித்திருக்கிறார். துணைக்கு யார் என்று அவரையும் ஊர் கேட்டிருக்கும். பூக்காரப் பெண் என்னைக் கேட்டாளே: "கூட யாரும் வரலியா ஆயா?" இல்லை என்றதும் இன்னொரு முழம் சேர்த்துக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

அப்புறம் பாலூர் வழி பஸ். இந்தத் தடத்தில் தனியார் பஸ்தான் அதிகம், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், டிக்கெட்டும் எடுக்க வேண்டும். அரசு டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. என்னைப் போலத் தனியாகக் கிளம்புகிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது டாக்ஸி போட்டுத் தருகிறவர்களுக்குத் தெரியாது.

டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். திருமாணிக்குழி சின்ன ஊர், அங்கே காத்திருக்க கடைகண்ணி அதிகம் இல்லை. மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடக்கவும் வேண்டும். அதனால் மத்தியானத்தைப் பண்ருட்டியிலேயே சாப்பாடும் ஓய்வுமாகக் கழித்துவிட்டு, மாலை நடைதிறப்புக்குப் போய்ச் சேர்வதே நல்லது. வாமன அவதாரத்தில் திருமால் பூசித்த தலம், வாமனபுரீசுவரர். இங்கே சுவாமியை எப்போதும் திரை மறைத்திருக்கும். திரையில் பதினொரு ருத்திரரில் ஒருவரான பீமருத்திரர் காவல். முதல் அர்ச்சனை, முதல் தீபம் அந்தத் திரைக்குத்தான். பிறகு குருக்கள் ஓரத்தைப் பிடித்து இழுக்க, துணிக்குப் பின்னால் லிங்கமும் சுடரும் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை தூக்குவதற்குள் திரை மூடிவிட்டது. கண் மூடிக் கும்பிடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு கடலூரில், திருப்பாப்புலியூர் (திருப்பாதிரிப்புலியூரைப் பேச்சில் இப்படித்தான் சொல்வார்கள்) பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜ். தரைத்தளத்தில் அறை கேட்டு வாங்கினேன். வயசானவர்கள் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, படிக்கட்டை.

மறுநாள் திருவந்திபுரம். ஏட்டில் திருவயிந்திரபுரம், திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள். கல்யாணம் செய்துகொள்ள ஜோடி ஜோடியாக இங்கே வருவார்கள், ரோடு முழுக்க வேன், பஸ் நகராது. நான் போனது வெறும் நாள். தேவநாதப் பெருமாளையும் செங்கமலத் தாயாரையும் நிதானமாகச் சேவித்தேன். எதிரே ஔஷதகிரியில் கல்விக் கடவுள் ஹயக்ரீவர். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பல ஆண்டு வாழ்ந்து, கருட மந்திரம் ஜபித்து, ஹயக்ரீவரின் அருள் பெற்ற மலை அது. படி எழுபத்து நான்கு. பத்துக்கு ஒருதரம் உட்கார்ந்து ஏறினேன். ஒவ்வொரு முறையும் யாராவது நின்று "தண்ணி வேணுமா?" என்று கேட்டார்கள். மேலே காற்று நன்றாக இருந்தது. தேர்வு எண்ணோடு வந்திருந்த பிள்ளைகள் பேனாவை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர். பாதிரி மரம் தலமரம், அம்பாள் பெரியநாயகி. சமணம் விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காகக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் "சொற்றுணை வேதியன்" பாடி, கல்லே தெப்பமாகிக் கரை சேர்ந்து, நேரே இங்கே வந்து "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்" என்று பாடினார். பெற்றவளாய், தகப்பனாய், கூடப் பிறந்தவராய், அடியாருக்குத் தோன்றாத் துணையாய் இருப்பவன் என்று போகும் பாட்டு. பிரகாரத்தில் ஒரு பெரியவர் இதைத் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வரி மறந்து நின்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். சேர்ந்தே முடித்தோம், பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பர் கரையேறிய இடம் வண்டிப்பாளையம் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம். சித்திரையில் அங்கே விழா. ஆட்டோக்காரரிடம் பேரைச் சொன்னதும் "அப்பர் கரையேறின இடம்தானே ஆயா, ஏறுங்க" என்றார். இப்போது அங்கே கடல் இல்லை, வீடுகளும் தென்னையும்தான். கால் மணி நேரம் நின்றுவிட்டு அதே ஆட்டோவில் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

அப்பர் பிறந்த திருவாமூர் பாக்கி இருக்கிறது. பண்ருட்டியிலிருந்து பஸ் எண்ணிக்கை குறைவு என்றார் கண்டக்டர். மழை விட்டதும் காலை பஸ்ஸையே பிடித்துவிடலாம் என்றிருக்கிறேன். யாராவது சேர்ந்து வருவதானால் வரலாம், ஆனால் டவுன் பஸ்தான்.