தேள் மீன் கடைசியில் குச்சிக்கு வந்துவிட்டது

என் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் தேள் மீன் (ஸ்கார்ப்பியன் ஃபிஷ்), குச்சியில் செருகி நீட்டிய செத்த இறாலை நேற்று ராத்திரி தின்றுவிட்டது. உயிர் மோலி (சின்ன நன்னீர் வளர்ப்பு மீன்) இல்லை, அப்போதுதான் செத்த மோலியும் இல்லை. மார்க்கெட்டில் வாங்கி ஃப்ரீஸரில் போட்டு, எடுத்துக் கரையவைத்த பொடி இறால். துப்பவும் இல்லை. வீட்டில் சொன்னேன், "சரி, அதுக்கென்ன இப்போ?" என்று பதில் வந்தது. தேள் மீன் வளர்ப்பவர்களுக்காவது இதன் அருமை தெரியும்.

சென்னை கொளத்தூரில் மீன் கடைத் தம்பி இதை "ஸ்டோன் ஃபிஷ்ணா, ரேர் பீஸ்" என்று சொல்லித்தான் விற்றான். விலையும் அதற்கேற்ற மாதிரிதான். கவரில் பார்த்தபோதே கல் மீன் இல்லை என்று தெரிந்துவிட்டது. கல் மீனுக்குச் செதிலே கிடையாது, உடம்பெல்லாம் மரு. கண் சின்னதாக மேலே ஏறியிருக்கும், வாய் கிட்டத்தட்ட நேராக வானத்தைப் பார்த்துத் திறக்கும். இதற்குச் செதில் பளிச்சென்று இருந்தது, கண் பெரியது, வாயும் லேசான சாய்வுதான். சும்மா கிடக்கும்போது பாசி பிடித்த ஓட்டுத் துண்டு மாதிரியே இருக்கும் என்பது வேறு விஷயம்.

தேள் மீனிலேயே எந்தத் தேள் மீன் என்பதில்தான் தூக்கம் போனது. முதுகில் 13 முள் இருந்தால் ஸ்கார்பீனோடஸ் என்ற பேரினம் (நெருங்கிய மீன் இனங்களின் தொகுதி), 12 என்றால் மற்ற பல பேரினங்கள் என்பார்கள். துடுப்பை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் மீனிடம் போய் எப்படி எண்ணுவது? அடுத்து, ஸ்கார்பீனாப்சிஸ் என்ற இன்னொரு பேரினத்துக்கு அண்ணத்தில் பல் இருக்காது. அதைப் பார்க்க மீன் கொட்டாவி விடும்வரை கேமராவோடு காத்திருக்க வேண்டும், விட்டாலும் ஒன்றும் தெரியாது. கடைசியில் கைகொடுத்தது முகத்து முள்தான். கண்ணுக்கு முன்னால், மேலுதட்டை ஒட்டி ஒரு எலும்பு இருக்கிறது. அதன் பின்பக்க முள் முன்னோக்கி வளைந்து கொக்கியாக நின்றால் பாராஸ்கார்பீனா. ரூம் லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பிடித்து, ஃபோனில் மேக்ரோ லென்ஸ் மாட்டி எடுத்த படத்தில் அந்தக் கொக்கி தெளிவாக விழுந்தது. பேரினம் தெரிந்தால் எனக்குப் போதும், ஏனென்றால் கவலை தொட்டி அளவைப் பற்றித்தான். இவை பெரும்பாலும் ஒரு சாணுக்குள் நின்றுவிடும். ஸ்கார்பீனாப்சிஸ் டயாபோலஸ் மாதிரி ஒரு அடி வளர்கிற ஆளாக இருந்திருந்தால் என் 200 லிட்டர் தொட்டி பத்தாது.

நம் பக்கத்துக் கடலிலேயே இந்தக் குடும்பத்துக்குக் குறைவில்லை. 2020-இல் மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சேதுக்கரை அருகே கடற்புல் பகுதியில் ஸ்கார்பீனாப்சிஸ் நெக்லெக்டாவை உயிரோடு கண்டெடுத்தார்கள். முதலில் பவளத் துண்டு என்றுதான் நினைத்தார்களாம், அது அவர்கள் கண்ணெதிரிலேயே நிறம் மாறியது. என்னுடையது இன்னும் அந்த வித்தையைக் காட்டவில்லை.

சரி, குச்சிக்கு வருகிறேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பட்டினி போடு, தானா வரும்." எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பசித்த தேள் மீனும் அசையாத இறாலைச் சீண்டாது, அதற்கு அது தீனியே இல்லை. அசைவுதான் விஷயம். அசைவை விடவும், அசைவை எங்கே நிறுத்துகிறோம் என்பது.

ஸ்டீல் கம்பி உதவாது, மின்னுகிறது. மூங்கில் குச்சி நிழல் கட்டுகிறது. இப்போது வைத்திருப்பது கண்ணாடி மாதிரி தெளிவான மெல்லிய அக்ரிலிக் கம்பி. நுனியை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிவிட்டேன், இல்லாவிட்டால் பாயும்போது வாயைக் கிழித்துவிடும். இறாலை உரிக்கக் கூடாது, தலை, மீசை, கால் எல்லாம் இருக்க வேண்டும். வால் பக்கமாக லேசாகத்தான் செருக வேண்டும், உறிஞ்சினால் வழுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். தொட்டியில் அலை உண்டாக்கும் வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு, நீல விளக்கு மட்டும் எரியும் நேரத்தில் ஆரம்பிப்பேன்.

மேலேயிருந்து இறக்கினால் போச்சு, பின்வாங்கிப் பாறை இடுக்கில் போய்விடும். தொட்டியின் ஓரத்தில் இறக்கி, மணலை ஒட்டியபடி அதன் பக்கவாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ரெண்டு துடிப்பு, ஒரு நிறுத்தம். முதலில் கண் மட்டும் திரும்பும். அப்புறம் முதுகு முள் மெதுவாக எழும், மார்புத் துடுப்பை ஊன்றி உடம்பு ஒரு நூல் அளவு சாயும். இந்த இடத்தில் நாம் ஆசைப்பட்டு இன்னும் கிட்டே நீட்டினால் காரியம் கெட்டது. அப்படியே பிடித்திருந்து, பிறகு அதைவிட்டு விலகுகிற திசையில் ஒரே ஒரு இழுப்பு. தப்பிக்கிற இரையை அதனால் விடவே முடியாது. டப் என்று சத்தம் கண்ணாடிக்கு வெளியிலேயே கேட்டது. குச்சி மட்டும் என் கையில் இருந்தது.

இனி மோலி வளர்க்கிற வேலை குறையும். மோலியை உப்புத் தண்ணீருக்குப் பழக்கலாம், உடனே சாகாது என்பதால்தான் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்னீர் மீனையே போட்டுக்கொண்டிருந்தால் ஈரலில் கொழுப்பு கட்டும். கோல்ட் ஃபிஷ் வேண்டவே வேண்டாம், அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற தயமினேஸ் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நெத்திலி, மத்தியையே தினமும் கொடுப்பதும் அதே காரணத்தால் சரிவராது. வாரத்துக்கு ரெண்டு மூன்று வேளை தீனி தாராளம்.

தொட்டிக்குள் கை விடும்போது மட்டும் விளையாட்டு கூடாது. மீன் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். வலையிலும் பிடிப்பதில்லை, முள் சிக்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் டப்பாதான். முதுகில் மட்டுமில்லை, அடித்துடுப்புகளிலும் விஷ முள் உண்டு. சுத்தம் செய்கிற நாளில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பக்கத்திலேயே இருக்கும். இந்த விஷம் சூட்டில் கெடும். குத்தினால் 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரி. சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும், வலிக்கிற கைக்கு எது சூடு என்று தெரியாது.

இடையில் ஒரு நாள் உடம்பிலிருந்து வெள்ளையாக ஜவ்வு உரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, மேலே படிகிற பாசியைக் கழிக்க இவை தோலை உரிக்கும். இதற்குப் போய் மருந்து ஊற்றாதீர்கள்.

தொட்டித் தண்ணீருக்குக் கலக்கிற கடல் உப்பின் விலையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஈ.சி.ஆர். பக்கம் கடல் தண்ணீர் எடுத்துவருகிற நண்பர்கள் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கரையோரத் தண்ணீரில் உப்பு நன்றாகக் குறைந்துவிடும், உப்பின் அளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் அதை ஊற்றக் கூடாது. நான் ஒப்படர்த்தியை 1.025-இல் வைத்திருக்கிறேன். வெயில் காலத்துக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஒன்று பார்க்க வேண்டும், மேசை ஃபேன் ஒரு அளவுக்குத்தான் தாங்கும்.

அதற்கு முன்னால் ஜீப்ரா குட்டை லயன் ஃபிஷ் ஒன்றைத் துணைக்கு விடலாமா என்று யோசனை ஓடுகிறது. இதன் வாய்க்குள் போகாத அளவில் கிடைக்க வேண்டும், இந்த வாய் திறக்கிற அகலத்தைப் பார்த்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருக்கிற ஒரு மீனின் கழிவுக்கே, அதை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் திணறுகிறது, தண்ணீரில் கழிவால் சேர்கிற நைட்ரேட் இறங்கவில்லை. சென்னையில் யாராவது பெரிய ஸ்கிம்மராக மாற்றினால், பழையதைத் தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள்.